ஏழு படிகளும் இரண்டு கறைகளும்

எங்கள் குடும்பப் பதிவேட்டில் அத்தைக்கான இடத்தில், "விடுதிச் சலவையகத்தில் இஸ்திரி போட்டவர், பிள்ளைகள் இல்லை" என்று மட்டும் எழுதிவைத்திருந்தேன். அது போதாது என்று தோன்றியதால் இதைச் சேர்க்கிறேன்.

அத்தை வாழ்க்கைப்பட்ட வீடு, சிற்றூரின் பாதுகாக்கப்பட்ட பழைய தெருவில் இருக்கிறது. தெருப்பக்கம் ஓர் ஆணி அடிக்கவும் பாதுகாப்பு அலுவலகத்தின் அனுமதி வேண்டும். படம் எடுக்க வருகிறவர்கள் வாசலில் நிற்கும் அத்தையைச் சற்றுத் தள்ளி நிற்கச் சொல்வார்கள். "நூத்தைம்பது வயசு வீட்டுக்கு இருக்கிற மவுசு, அறுபத்தாறு வயசு எனக்கு இல்ல," என்று சொல்லிக்கொண்டே நகர்வார்.

வாசலுக்கு ஏழு கல்படிகள். பக்கவாதத்தில் இடக்கால் தளர்ந்த மாமா, ஐந்து மாதமாகத் தெருவை ஜன்னல் வழியாகத்தான் பார்த்தார். படியோரம் கைப்பிடிக் கம்பி ஒன்று இருந்தால் இறங்கிவிடுவார். அத்தை இருமுறை விண்ணப்பித்தார். அலுவலர் வந்து பார்த்து, முன்பு இல்லாத எதையும் புதிதாகச் சேர்க்க இயலாது என்று இருமுறையும் மறுத்தார். மூன்றாவதே கடைசி வாய்ப்பு.

என்னிடமிருந்த பழைய படம் ஒன்றில் படியோரம் கம்பிபோல ஏதோ தெரிந்தது. அத்தையின் முகம் மலர்ந்தது. ஆனால் படத்தின் பின்புறம், "பீரோ ஏற்றுவதற்குக் கட்டிய மூங்கில்" என்று குறிப்பு இருந்தது.

"பின்பக்கத்தை யாருடா திருப்பிப் பார்க்கப் போறாங்க?"

"நான் பார்த்துட்டேனே, அத்தை."

"நல்லா வந்து வாய்ச்சடா எனக்கு!" என்றவர், அன்று எனக்குக் காபி தரவில்லை. படத்தையும் மறுபடி கேட்கவில்லை.

அலுவலர் மூன்றாம் முறை வந்தபோது, வழக்கம்போலப் படிகள் கழுவப்பட்டுக் காய்ந்திருந்தன. கீழ்ப்படியிலும் மேற்படியிலும் ஓரமாகப் பூந்தொட்டிகள். அவர் முகம் சுளித்தார்.

"இந்தத் தொட்டியெல்லாம் எங்க ஆபீஸ்ல இருக்கிற பழைய படத்துல இல்லியேம்மா. எடுத்துடுங்க."

"இருக்கட்டும் சார். செடி வாடிடும்."

"எடுங்கம்மா."

அத்தையின் முகம் வெளிறியது. நான்தான் தொட்டிகளை நகர்த்தினேன். இரண்டு படிகளிலும், காய்ந்த கல்லின் நடுவே, உள்ளங்கை அகலத்தில் வட்டமாக ஈரம் தங்கியிருந்தது.

"சத்தியமா நான் எதுவும் பண்ணல சார். கல்யாணமாகி வந்த நாள்லேருந்து தேய்க்கிறேன், இந்தக் கறை மட்டும் போக மாட்டேங்குது. கல்லைக் கெடுத்துட்டேன்னு சொல்லுவீங்கன்னுதான், நீங்க வரும்போதெல்லாம் தொட்டி வச்சு மறைச்சேன்."

அலுவலர் மண்டியிட்டார். சட்டைப்பையிலிருந்து சிறு திருப்புளியை எடுத்து ஈரவட்டத்தைச் சுரண்டினார். கல் அல்ல, காரை; பொலபொலவென்று உதிர்ந்தது. விரலளவு ஆழத்தில், துருவேறி முறிந்த இரும்புத் தண்டின் அடி தெரிந்தது. மற்றதிலும் அப்படியே.

"இங்க கம்பி இருந்திருக்கும்மா. பிடுங்கிட்டுக் காரை பூசியிருக்காங்க. அதுதான் தண்ணியைக் குடிச்சுட்டு நிக்குது."

அத்தை என்னைப் பார்த்தார். "மறைச்சு வச்சவ நான்தானாடா?"

கம்பி அதே துளைகளில் நின்றது. முதல் நாள் மாமா ஏழு படிகள் இறங்கக் கால் மணி நேரமாயிற்று. அத்தை இரு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, அவரைத் தொடாமல், கூடவே ஒவ்வொரு படியாக இறங்கினார். கீழே நின்று மூச்சுவாங்கிய மாமா அண்ணாந்து பார்த்தார்.

"திரும்ப ஏறணுமா?"

"வேணாம். கட்டிலை இங்கேயே கொண்டாந்து போடறேன். அதுக்கும் அனுமதி வாங்கிட்டு."