பந்தல் கூட்டத்தில் பேச்சு நின்றபோது

கல்யாணமாகிக் கொல்கத்தா வந்த முதல் துர்கா பூஜை. காளிகாட் பக்கம் ஒரு பந்தலில், மூங்கில் தடுப்புகளுக்கு நடுவே கணவரோடு கூட்டத்தில் மாட்டிக்கொண்டேன். மேளச் சத்தம் மண்டைக்குள் இடித்தது. கால் நகரவில்லை, வாயைத் திறந்தும் பேச்சு வரவில்லை.

"எல்லார் முன்னாடியும் ஏன் இப்படி அடம்பிடிக்கற?" என்றார் அவர்.

பின்னால் நின்ற ஒரு வங்காளப் பெண்மணிதான் என் முகத்தைப் பார்த்துவிட்டு, பந்தல் ஆட்களைக் கூப்பிட்டுத் தடுப்பைத் திறக்க வைத்தார்.

சிறுவயதிலிருந்தே இப்படித்தான். வீட்டில் திமிர் என்பார்கள். இந்த முறை பயந்துபோய் மனநல மருத்துவரிடம் போனோம். பலமுறை பேசிப் பார்த்தபின் ஆட்டிசம் என்றார்; கூட்டமும் சத்தமும் மிஞ்சினால் பேச்சு நின்றுபோவது அதனால்தானாம்.

"முன்னாடியே சொல்லியிருக்கலாமே?" என்றார் கணவர், வெளியே வந்ததும்.

"எனக்கே இப்பதானே தெரியும்."

இப்போதெல்லாம் கூட்டத்துக்குள் நுழையுமுன் வெளியேறும் வழியைப் பார்த்துக்கொள்கிறேன். பேச்சு நின்றால் அவர் கையை அழுத்துவேன். காரணம் கேட்காமல் வெளியே கூட்டிப்போய்விடுவார்.