புகைக்கு எதிராக நான் கொண்டுபோன சாட்சி

விம்கோ நகரில் எங்கள் தெருவில் யாருக்கு எது வந்தாலும் அது கம்பெனிப் புகையால்தான் வரும். இருமல், கண் எரிச்சல், முடி கொட்டுவது எல்லாமே. பாதிக்கு மேல் உண்மையும்கூட. எண்ணூர்ப் பக்கமிருந்து காற்று திரும்பினால் மூக்கை மூடிக்கொண்டுதான் படுக்க வேண்டும். அதனால் என் வயிற்றிலும் முழங்கையிலும் சிவப்பாக வட்டம் வட்டமாக வந்து அரிக்க ஆரம்பித்தபோது நான் யோசிக்கவே இல்லை.

யோசித்திருக்கலாம். ரயில்வே ஸ்டேஷன் வாசலில் மழையில் நடுங்கிக்கொண்டிருந்த நாய்க்குட்டியைத் தூக்கிவந்து, என் போர்வைக்குள்ளேயே படுக்கவைத்துக்கொண்டது அப்போதுதான். அதன் காதோரமும் வட்டமாக முடி கொட்டியிருந்தது. டாக்டரிடம் காட்டச் சொல்லி என் மனைவி தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தினாள். நானோ, வாயில்லா ஜீவனையும் இந்தப் புகை விட்டுவைக்கவில்லையே என்று உருகினேன்.

பக்கத்து வீட்டுப் பெண்ணின் மகளுக்கு வீசிங். புகை இறங்கினால் குழந்தை உட்கார்ந்தபடியேதான் தூங்கும். அவள்தான் ஆபீஸ் ஆபீஸாக அலைந்து மாசுக் கட்டுப்பாட்டு வாரிய அதிகாரி ஒருவரைத் தெருவுக்கே வரவழைத்தாள். கூட ஒரு டாக்டரம்மாவும் வருவதாக ஏற்பாடு. "அண்ணே, நீதான் சோக்கா பேசுவ. மொதல்ல நீ பேசு" என்றாள். போதாதா எனக்கு? தலைகால் புரியவில்லை. சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு, கூடுதல் ஆதாரத்துக்கு நாய்க்குட்டியையும் தூக்கிக்கொண்டு போனேன்.

தெருமுனையில் பந்தல். சட்டையைத் தூக்கி வயிற்றைக் காட்டினேன். காற்று, மண், வருங்காலத் தலைமுறை என்று ஒரு ரவுண்டு வந்தேன். கடைசியில் குட்டியின் காதைத் திருப்பிக் காட்டி, இதற்கு என்ன பதில் என்று கேட்டேன்.

டாக்டரம்மாவிடம் பதில் இருந்தது. படர்தாமரையாம். நாயின் முடியிலிருந்து மனிதருக்குத் தொற்றுமாம். குட்டிக்கும் எனக்கும் சேர்த்தே மருந்து போட வேண்டும், போர்வையை வெந்நீரில் அலச வேண்டும், ஆறும்வரை அதைக் கொஞ்சக் கூடாது என்றார். தெருவே சிரித்தது. அதிகாரி எல்லோரையும்விட நிம்மதியாகச் சிரித்தார்.

அதற்குப் பிறகு எழுந்த ஒவ்வொருவரிடமும் வீட்டில் நாய் இருக்கிறதா என்று கேட்க ஆரம்பித்துவிட்டார். இருமலைச் சொல்ல வந்தவர்கள்கூட நெளிந்துகொண்டே உட்கார்ந்தார்கள். நாசமாய்ப் போக என் வாய்! கடைசியாகப் பக்கத்து வீட்டுப் பெண் மகளைக் கூட்டிக்கொண்டு எழுந்தாள். குழந்தையின் கன்னத்திலும் ஒரு வட்டம். சாயங்காலமானால் என் குட்டியைக் கன்னத்தோடு அணைத்துக் கொஞ்சுகிற குழந்தை ஆயிற்றே. இதுவும் நாய்தானே என்று சொல்லி அதிகாரி ஃபைலை மூடப் போனார்.

அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. குழந்தையை அவருக்கு எதிரில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

"மூஞ்சில கீறது நாய் குட்த்தது சார். நெஞ்சுல கீறது யாரு குட்த்தது?"

குழந்தை மூச்சு இழுக்கும் சத்தம் பந்தல் முழுக்கக் கேட்டது. டாக்டரம்மா ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக் குழந்தையின் முதுகில் வைத்தார். யாரும் சிரிக்கவில்லை. அவளையே முதலில் பேசவிட்டிருக்க வேண்டும். எனக்கு வெட்கமாகப் போயிற்று.