நார்வேயா, ஸ்வீடனா?

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் ஈரப் படுக்கைவிரிப்புகளைச் சூடான உருளைக்குள் விடுவது பனியக்காவின் வேலை. விரிப்பு மறுபக்கம் மொடமொடவென்று வரும், அவள் தொப்பலாக நனைந்திருப்பாள். அந்தப் புழுக்கத்தில் வெந்தவளுக்கு ஒரே ஆசை: ஒரு தடவையாவது முட்டியளவு பனியில் நிற்க வேண்டும். சதா இதே பேச்சு என்பதால் கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பெயர்தான் பனியக்கா.

போவது நார்வேக்கா, ஸ்வீடனுக்கா? அதில்தான் இழுபறி. பக்கத்துப் பக்கத்து நாடுகள், இரண்டிலும் பனி கொட்டிக்கிடக்கிறது, எதற்குப் போனால் என்ன என்று உங்களுக்கும் எனக்கும் தோன்றும். அவள் கணவருக்குத் தோன்றவில்லை. லிஃப்ட் பழுதுபார்க்கிற மனிதர், ரொம்ப நிதானம். அவள் ஸ்வீடன் என்றால், "நார்வேல மலையும் இருக்கு, கடலும் இருக்கு. யோசி," என்பார். ஒரு வாரம் யோசித்து நார்வே என்று வந்தால், "ஸ்வீடன்ல ரயில் வசதி ஜாஸ்தின்னு நீதானே சொன்னே?" எட்டு வருடம் இப்படியே. சாப்பாட்டு மேசைக்கு மேலே ஒட்டிய வரைபடம் ஓரமெல்லாம் சுருண்டுவிட்டது. ஆனாலும் தன் ஆசைக்காக மனுஷன் இப்படி மண்டையை உடைத்துக்கொள்கிறாரே என்று அவளுக்கு உள்ளுக்குள் பெருமை.

இந்த வருடம் வம்பே வேண்டாமென்று, அவர் கடைசியாகச் சொன்ன நார்வேயைப் பிடித்துக்கொண்டாள். அவர் வாயைத் திறப்பதற்குள் விடுப்பு எழுதிக் கொடுத்து, பயண ஏஜென்சிக்கும் போய் வந்தாள். இரண்டு பாஸ்போர்ட்டும் வேண்டும் என்றார்கள். பீரோவில் அவளுடையது மேலேயே இருந்தது. அவருடையது பழைய லிஃப்ட் கையேடுகளுக்கு அடியில் கிடந்தது. காலாவதியாகி ஆறு வருடம்.

அன்று மாலை அவர் சட்டையைக் கழற்றுமுன்பே அதை நீட்டினாள்.

"இது முடிஞ்சுபோச்சுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்போலேர்ந்து?"

"முடிஞ்சப்பவே. புதுப்பிச்சா போகணும்னு வரும்... எனக்குக் குளிர்னாலே ஆகாதும்மா. வரமாட்டேன்னு சொன்னா உன் முகம் சுருங்கிடும். எந்த நாடுன்னு பேசிட்டிருந்தா நீயும் சந்தோஷமாத்தானே இருந்தே?"

எட்டு வருடம் காதில் பூச்சுற்றிவிட்டு, அதையும் ஏதோ அவளுக்குச் செய்த உபகாரம் மாதிரி சொல்கிறார்! முதல் நாளே வரமாட்டேன் என்றிருந்தால் ஒரு நாள் அழுதிருப்பாள், அவ்வளவுதான். வரைபடத்தின் முன்னே நின்றபோதுதான் அவளுக்கு இன்னொன்றும் உறைத்தது. அவருக்காக மாற்றி மாற்றிப் பேசியதில், தனக்கு எது பிடித்திருந்தது என்பதே மறந்துபோயிருந்தது.

மறுநாள் வேலை முடிந்து ஏஜென்சிக்குப் போனாள். இரண்டு நாட்டுப் படங்களையும் முதலிலிருந்து, ஒற்றை ஆளாக உட்கார்ந்து பார்த்தாள். ஒரே ஒரு டிக்கெட் போட்டாள். வீட்டுக்கு வந்து வரைபடத்தைச் சுவரிலிருந்து உரித்து மடித்துப் பெட்டியில் வைத்தாள்.

அவர் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"எந்த நாடு போட்டே?"

பதில் தெரியவேண்டும் என்று அவர் உண்மையாகவே கேட்டது அதுதான் முதல் தடவை. அவள் வரைபடத்தின் மேல் பெட்டியை மூடிப் பூட்டினாள்.