கோதுமைக் கதிரில் வைத்த குங்குமம்

கோதுமைக் கதிர் படத்தை எங்கே பார்த்தாலும் எனக்கு இன்றைக்கும் குமட்டும். பிஸ்கெட் பாக்கெட்டில் இருந்தால்கூட.

எங்கள் பட்டறை முத்திரையில் இருந்தது அந்தக் கதிர்தான். செம்மங்குப்பம் கெமிக்கல் கம்பெனியின் டிரம்கள் கப்பலேறும்போது அடியில் ஒரு மரத்தட்டு இருக்குமே, பேலட், அதைச் செய்து கொடுத்தது என் மாமாவின் பட்டறை. மாமா என்றால் அம்மாவின் தம்பி. மரத்தோடு புழுவும் வண்டும் நாடு விட்டு நாடு போய்விடக் கூடாது என்று உலகம் முழுக்க ஒரு விதி. மரத்தைச் சேம்பர் என்கிற சூட்டறைக்குள் அடுக்கிச் சூடேற்ற வேண்டும். பலகையின் நடுவயிறு ஐம்பத்தாறு டிகிரியைத் தொட்டு, முப்பது நிமிஷம் இறங்காமல் நிற்க வேண்டும். நின்றால்தான் முத்திரை: கதிர், நாட்டின் எழுத்து, பட்டறைக்கு அரசாங்கம் கொடுத்த எண், சூடேற்றியதற்கான எழுத்து. எதிரெதிர்ப் பக்கங்களில், அழியாமல், படிக்கும்படி இருக்க வேண்டும். சிவப்பு ஆகாது, அது ஆபத்தான சரக்குக்கான நிறம்.

சேம்பரைப் பார்த்துக்கொள்வது என் வேலை. தடித்த பலகை ஒன்றில் துளை போட்டு வெப்பமானிக் கம்பியைச் செருகுவேன். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம். பொய் முத்திரை என்று பிடிபட்டால் எண்ணைப் பறித்துவிடுவார்கள். எண் போனால் பட்டறை இல்லை. குறிஞ்சிப்பாடியிலிருந்து வந்து மரம் அறுத்தவர்கள் வீட்டில் அடுப்பு எரியாது. இது மாமாவுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

இரண்டாயிரத்து எட்டு. கரண்ட் எப்போது போகும் என்று ஆண்டவனுக்கே தெரியாத வருஷம். சேம்பருக்குள் சூட்டைச் சுற்றிவிடும் ஃபேன் நின்றால் சூடு இறங்கும். இறங்கினால் மறுபடி முதலிலிருந்து. ஓரிரு தரம் பொறுத்த மாமா, ஒருநாள் கதவைத் திறக்கச் சொல்லிவிட்டார்.

"பாதிச் சூடுதான் மாமா ஏறியிருக்கு. உள்ள புழு அப்படியே கெடக்கும்."

"அட போடா மாப்ள. வெள்ளக்காரன் என்னா, பலகயப் பொளந்தா பாக்கப் போறான்? முத்திரய எடு."

நான் எடுக்கவில்லை. அவரே எடுத்துக் குத்தினார். அதற்கப்புறம் கரண்ட் போனபோதெல்லாம் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு அவரேதான் குத்தினார். எல்லாம் மாம்பலகை. தட்டினால் துளைகளிலிருந்து மஞ்சள் மாவு கொட்டியது. சீ!

அதைக்கூடப் பொறுத்திருப்பேன். ஆவணியில் மாமா மகளுக்கு நிச்சயம் ஆனது. ஐப்பசியில் சிதம்பரத்தில் கல்யாணம். சீர்க் கட்டிலுக்குப் பூவரசம் பலகை வந்து இறங்கிய அன்று, பட்டறை வாசலில் வாடகை ஜெனரேட்டர் நின்றது.

"கரண்ட்டு போனாலும் நிக்கக் கூடாது. முப்பது நிமிஷம் இல்ல, ஒரு மணி நேரம் வுடு. கம்பிய நல்லா நடுவுல சொருவு. புள்ள படுக்கிற கட்டுலுடா, புழு கிழு இருந்துடப் போவுது."

ஆக, விதி புரியாமல் இல்லை. மனுஷனுக்கு மனப்பாடம். ஊரானுக்குப் புழு, தன் மகளுக்குப் பூவரசு. த்தூ! என் சொந்தத் தாய்மாமனைப் பார்த்து அருவருத்தேன்.

ஆயுத பூஜை வந்தது. ரம்பம், வண்டி, சைக்கிள் எல்லாவற்றுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தோம். மாமா முத்திரைக்கும் வைத்தார். அதோடு நின்றாரா? ஏற்றுமதிக்கு அடுக்கியிருந்த பேலட்டுகளிலும், சரியாகக் கோதுமைக் கதிரின் மேல், கட்டைவிரலால் அழுத்தி வைத்துக்கொண்டே போனார்.

"முத்திர மறையுது மாமா. செவப்பு ஆவாது."

"சாமிக்கே சட்டம் சொல்றியா? மங்களகரமா இருக்கட்டும், வுடு."

அந்த லோடோடு நான்தான் போனேன். கம்பெனி கேட்டிலேயே டெஸ்பாட்ச் அதிகாரி சிவப்பைப் பார்த்துவிட்டுத் துடைக்கச் சொன்னார். ஈரத்துணியால் அழுத்தியதும் குங்குமத்தோடு மரமும் மாவாக உதிர்ந்தது. உள்ளே வெள்ளையாக ஒன்று நெளிந்தது. உயிரோடு. அவர் முகத்தைச் சுளித்துக்கொண்டு போனை எடுத்தார். சில நாளில் அதிகாரிகள் வந்து எண்ணை ரத்து செய்து முத்திரையை எடுத்துப் போனார்கள்.

"கண்ணு பட்டுடுச்சு மாப்ள" என்றார் மாமா. கண்ணாம்! பட்டறையை மூடுவதை ஆட்களிடம் தானே சொல்லிவிட்டதாகவும் சொன்னார். நம்பினேன்.

கல்யாணத்துக்கு ஆட்கள் குடும்பத்தோடு வந்தார்கள். சாப்பிட்டுக் கை கழுவியவர்களைக் கூப்பிட்டு, கட்டிலை மாப்பிள்ளை வீட்டு மாடியில் ஏற்றச் சொன்னார் மாமா. குறுகலான படி. மூச்சு வாங்க ஏற்றி வைத்தார்கள்.

அவர்களில் மூத்தவர் கட்டில் சட்டத்தைத் தட்டிப் பார்த்தார். "நல்லா சூடு வாங்குன மரம். காலத்துக்கும் உளுக்காது. லீவு முடிஞ்சிடுச்சு மொதலாளி, நாளைக்கு எத்தினி மணிக்கு நாங்க வரணும்?"

கல்யாண லீவு என்றுதான் மாமா அவர்களிடம் சொல்லி வைத்திருக்கிறார்.

"சொல்லி அனுப்புறேன்" என்றார் மாமா, மெத்தையைச் சரிசெய்துகொண்டே.

கீழே தெருவில் வைத்து, முத்திரை போய்விட்டது, பட்டறை இனி இல்லை என்று நான்தான் சொன்னேன். மூத்தவர் மாடியை ஒருமுறை பார்த்தார்.

"கட்டுலத் தூக்கறதுக்கு மின்ன சொல்லியிருக்கக் கூடாதா தம்பி?"