மிதக்காத கட்டை

என் மேசையில் தாள்கள் பறக்காமலிருக்க ஒரு கட்டைத் துண்டை வைத்திருக்கிறேன். கைக்குள் அடங்கும், ஆனால் நல்ல கனம். ரயில் தண்டவாளத்துக்கு அடியில் போடும் சிலிப்பர் கட்டையிலிருந்து அறுத்தெறிந்த துண்டு. பிரிக்ஃபீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்கள் வீட்டுக் கதவுக்கு அப்பா அதைத்தான் முட்டுக் கொடுத்திருந்தார். அதைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் தலைமையாசிரியர் நினைவுக்கு வருகிறார். மரியாதைதான் வரமாட்டேன் என்கிறது.

1930களின் தொடக்கம். மூன்றாம் வகுப்பில் எங்களுக்கு இயற்கைப் பாடம் எடுத்தவர் அவர். எடுத்தார் என்பதே அதிகம், வாசித்தார். சீமையில் யாரோ எழுதி, மதராஸில் யாரோ தமிழாக்கி, கப்பலேறி இந்த நாட்டுக்கு எங்களிடம் வந்த புத்தகம். மூன்று நாட்டிலும் ஒருவராவது ஒரு கட்டையைத் தண்ணீரில் போட்டுப் பார்த்திருப்பாரா என்பது எனக்கு இன்றும் சந்தேகம். 'மரத்துண்டு நீரில் மிதக்கும். வாளியில் போட்டுப் பார்' என்று அதில் இருந்தது. இரண்டு வரியையும் நாங்கள் நாற்பது பேரும் சேர்ந்து கத்துவோம். வாளி மட்டும் வகுப்புக்கு வந்ததேயில்லை.

நான் அந்த இரண்டாம் வரியை நம்பித் தொலைத்தேன். ஒருநாள் கதவடியிலிருந்த கட்டையை எடுத்துப்போய், பள்ளி வாளியில் அவர் கண்ணெதிரே போட்டேன். நேரே அடியில் போய் உட்கார்ந்தது.

"முங்கிப் போச்சு சார்" என்றேன்.

எட்டிப் பார்த்தார். "தண்ணி சரியில்ல. பைப்புத் தண்ணி. கிணத்துத் தண்ணி கொண்டா" என்றார். கிணற்றுத் தண்ணீரிலும் அது மூழ்கியது. இது என்ன மரம், ஏன் இவ்வளவு கனம் என்று ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். அந்த மனிதருக்கு அது தோன்றவில்லை. ரோத்தான் பிரம்பை எடுத்து என் உள்ளங்கையில் இரண்டு வைத்தார். "புஸ்தகத்த விட உனக்குத் தெரியுமோ? பரீட்சையில மாத்தி எழுதினா பெயில்தான்."

பெயிலானால் படிப்பை நிறுத்தி, தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் இருத்திவிடுவதாக அப்பா முன்பே சொல்லியிருந்தார். அன்று மாலை நடந்ததைச் சொன்னேன். தினமும் சிலிப்பர் சுமக்கிறவர் விழுந்து விழுந்து சிரித்தார். "அது முங்காம? தண்ணிய விடக் கனமான மரமாச்சே. ஆத்துல உளுந்தா நாலு பேரு எறங்கித்தான் தூக்கணும்." பிறகு சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வாத்தியாரு சொன்னதையே எழுதிடு பாப்பா. பாசானா போதும்" என்றார். 'மரம் மிதக்கும்' என்று அழகான கையெழுத்தில் எழுதிப் பாசானேன். தலைமையாசிரியர்மேல் எனக்குள்ள இளக்காரத்தில் ஒரு பங்கு என் மேலும் உண்டு.

இப்போது கிள்ளானில் நானே அறிவியல் டீச்சர். புத்தகத்துக்கு வண்ண அட்டை வந்துவிட்டது. கேள்வி அதேதான்: 'மரத்துண்டு நீரில் ........' மேலிருந்து வந்த விடைக்குறிப்பும் அதேதான். நேற்று தாள் திருத்தும்போது, ஒரு சிறுமி அந்தப் புள்ளிகளின் மேல் 'எந்த மரம் டீச்சர்?' என்று எழுதியிருந்தாள். குறிப்பின்படி பூஜ்யம். நான் முழு மார்க் போட்டு, அந்தத் தாளின் மேல் கட்டையைத் தூக்கி வைத்தேன். யாராவது கேட்க வரட்டும். கட்டை இருக்கிறது, வாளி இருக்கிறது. எந்தத் தண்ணீர் வேண்டுமென்று அவர்களே சொல்லட்டும்.