மறுபக்கத்து லாரி

கதை என்று நினைத்துக்கொண்டால் பயம் குறையும் என்றால், அப்படியே படியுங்கள். ஆனால் இது போன சித்திரையில் செஞ்சியில் கலைமதிக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில்.

வேதியியல் படித்தவள். ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. மலையடிவாரத்தில் ஒற்றை அறை எடுத்துத் தங்கியிருந்தாள். தானாகப் போய்ப் பேசும் சுபாவம் இல்லை. மூன்று மாதத்தில் ஒரு தோழிகூடக் கிடைக்கவில்லை. இந்த மாதமும் இப்படியே போனால் வேலையை விட்டுவிட்டு ஊருக்கே திரும்பிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள்.

பொழுதுபோக்கென்று இருந்தது பிளாஸ்டிக் வண்டிகள்தான். பெட்டியில் துண்டு துண்டாக வரும். துண்டுகள் ஒட்டியிருக்கும் சட்டத்திலிருந்து நறுக்கி எடுத்துப் பொருத்த வேண்டும். பசை தேவையில்லை. சரியாக அழுத்தினால் ‘டக்’கென்று பிடித்துக்கொள்ளும்.

“இன்னா கலை, கல்யாண வயசுல பொம்மை லாரியா?” என்று வீட்டுக்கார வசந்தா அக்கா சிரிப்பாள்.

அன்று ஞாயிறு. உச்சிவெயில். கலைமதி லாரியின் முன்சக்கரத்தை அழுத்தினாள்.

டக்.

பின்சுவருக்கு அப்பாலிருந்தும்... டக்.

அடுத்த சக்கரம். டக். அங்கேயும் டக். அவள் நிதானித்தால் அதுவும் நிதானித்தது. பின்வீட்டிலும் யாரோ வண்டி கட்டுகிறார்கள் என்று நினைத்தாள். மனசு குளிர்ந்துபோனது. முடித்ததும் போய்ப் பேசிவிட வேண்டும். என்ன பேசுவது என்றுகூட ஒத்திகை பார்த்துக்கொண்டாள்.

மீதி மூன்று துண்டுகள். முன்கண்ணாடியைக் கையில் எடுத்தாள். இன்னும் பொருத்தவில்லை.

டக்.

கை அப்படியே நின்றது.

டக்... டக்.

அங்கே முடிந்துவிட்டது.

பிறகு, சின்னச் சக்கரங்கள் தரையில் உருளும் ஓசை. கரகர... கரகர...

சுவரை நோக்கி வந்தது.

சுவரோரம் நின்றது.

வெளியே ஓடினாள். முள்செடிகளை விலக்கிக்கொண்டு முதல் முறையாக வீட்டின் பின்பக்கம் போனாள். அங்கே வீடே இல்லை. பெரும் பாறை ஒன்று. அதோடு ஒட்டித்தான் சுவரை எழுப்பியிருந்தார்கள். இடையில் விரல் நுழைய இடமில்லை.

வசந்தா அக்காவிடம் சொன்னபோது அவள் சிரிக்கவில்லை. முன்பு அந்த அறையில் குடியிருந்த தையல்காரி தைலம்மாளைப் பற்றிச் சொன்னாள். அந்தப் பக்கமும் யாரோ மிஷின் மிதிக்கிறார்கள் என்பாளாம். ஒருநாள் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. உடைத்துப் பார்த்தார்கள். பாதி தைத்த துணி மிஷினில் கிடந்தது. ஆள் இல்லை. இன்றுவரை இல்லை.

“காலி பண்ணிடு கலை. இன்னிக்கே.”

“அவங்க தனியாவா இருந்தாங்க, அக்கா?”

“மொதல்ல தனியாத்தான் இருந்துச்சு. கடைசி மாசம், உள்ளேருந்து ரெண்டு பேரு சிரிக்கிற சத்தம் கேக்கும்.”

கலைமதி இன்னும் அந்த அறையைக் காலி செய்யவில்லை.