ஒற்றைக் கைக் கடிவாளம்

முதல் வருடம் எனக்குப் பூஜ்ஜியம் போட்டார்கள். ஏழு பேர் குதிரை ஓட்டினோம். ஆறு பேருக்குப் புள்ளி கிடைத்தது. எனக்கு மட்டும் ஒன்றுமில்லை. நுவரெலியா மைதானத்தில் ஒரு பலகையில் அந்தத் தாளைக் குத்தி வைத்திருந்தார்கள். இன்றைக்கு நினைத்தாலும் காது சுடுகிறது. வயதானால் கோபம் தணிந்துவிடும் என்கிறார்கள். எனக்குத் தணியவில்லை. ஏன் தணிய வேண்டும் என்றும் புரியவில்லை.

நான் லிந்துலைப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் மருத்துவச்சியாக இருந்தேன். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் பிறந்து, ஆஸ்பத்திரியில் பயிற்சி பெற்று, அதே தோட்டத்துக்கு வேலைக்கு வந்தவள். தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ் டிவிசன், மருந்துக்கூடத்திலிருந்து நாலு மைல் இறக்கத்தில் இருந்தது. யாருக்காவது வலி கண்டால் ஓடி இறங்குவேன். பிள்ளையை எடுத்துக் கொடுத்துவிட்டு மூச்சு வாங்க ஏறி வருவேன். மருந்து கொடுக்கிற ஐயாவுக்குத் தோட்டத்தில் ஒரு மட்டக்குதிரை கொடுத்திருந்தார்கள். அவருக்கு மோட்டார் சைக்கிள் வந்த பிறகு அது கொட்டிலில் சும்மா நின்று கொள்ளுத் தின்றது. ஒரு நாள் தோட்டத்து மேனேஜரான பெரிய துரையிடம் போய் அதைக் கேட்டேன்.

"நீ குதிரை ஓட்டுவியா?" என்று சிரித்தார்.

"பழகிக்குவேன் தொரைங்க."

"விழுந்து காலை உடைச்சா என்கிட்ட வந்து அழாதே."

விழுந்தேன். ஒரு மாதத்தில் எத்தனை தரம் என்று சொல்ல முடியாது. காலை உடைத்துக்கொள்ளவில்லை, அழவும் இல்லை. என் கணவரின் அரைக்கால்சட்டையை உள்ளே போட்டு, சேலையை முழங்காலுக்கு மேலே தூக்கிச் செருகி, கொழுந்து பறிக்கிற பெண்கள் இடுப்பில் கட்டும் படங்குச் சாக்கை மேலே சுற்றிக்கொண்டு ஏறுவேன். லயத்து ஆண்கள் வாசலில் நின்று சீட்டியடிப்பார்கள். பெண்கள் தலையைக் குனிந்து சிரிப்பார்கள். அவர்களுடைய பிள்ளைகளை என் கையால்தான் எடுத்தேன் என்பது அந்த நேரத்தில் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

என் பையில் கத்திரி, நூல், மருந்து போத்தல்கள் எல்லாம் இருந்தன. சேணத்தில் கட்டினால் போத்தல் உடையும். அதனால் இடது கையால் பையை நெஞ்சோடு அணைத்துக்கொள்வேன். கடிவாள வாருக்கு மிஞ்சியது வலது கை மட்டும். குதிரையும் அதற்குப் பழகியது. வார் கழுத்தின் இடது பக்கம் உரசினால் வலது பக்கம் திரும்பும். நான் உடம்பைப் பின்னால் சாய்த்தால் நின்றுவிடும். எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. வேறு வழியில்லாமல் நானும் அதுவும் கண்டுபிடித்தது.

நாட்டுக்குச் சுதந்திரம் கிடைத்து ஐந்தாறு வருடம் ஆகியிருக்கும். பெரிய துரை ஊருக்குப் போய்க் கல்யாணம் செய்துகொண்டு வந்தார். துரைசாணி அமெரிக்காக்காரர், மாட்டுப் பண்ணையில் வளர்ந்தவர். ஒரு மழை நாளில் கீழ் டிவிசன் பாதையின் வளைவில் அவர் நடந்து வந்தார். நான் கண்டதும் பின்னால் சாய்ந்தேன். குதிரை பின்னங்கால்களை மடக்கி உட்கார்ந்தபடி சேற்றில் சறுக்கிக்கொண்டு போய் அவருக்கு முன்னால் நின்றது. பயந்திருப்பார் என்று நினைத்தேன். அவர் கையைத் தட்டினார்.

"யார் உனக்குச் சொல்லிக் கொடு?" என்றார்.

"யாரும் இல்லைங்க. இந்த எறக்கந்தான்."

"நீ ஞாயிறு வா. பந்து மைதானம் வா."

துரைமார் தமிழ் படிக்கிற புத்தகத்தில் வெட்டு, பறி, வா, போ, கொண்டு வா என்று ஏவல்தான் இருக்கும். அதைப் படித்துத்தான் அவரும் பேசினார். அது தெரிந்தும் எனக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது.

"வர்றேன். ஆனா என்னைய நீன்னு சொல்லாதீங்க. நீங்கன்னு சொல்லுங்க."

"நீங்க? புத்தகத்தில் இல்லை."

"அதுல இருக்காதுங்க."

அவர் அதை வாய்க்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தார். "நீங்க வாங்க," என்றார்.

அவருடைய ஊரில் நான் ஓட்டுவது மாதிரி ஓட்டுவதே ஒரு போட்டியாம். மாடு மேய்க்கிற குதிரைக்காரர்கள் ஒற்றைக் கையில் வாரைத் தொங்கவிட்டுக்கொண்டு, சொன்ன வரிசைப்படி குதிரையை ஓட்ட வேண்டும். வேகமாகப் பெரிய வட்டம், மெதுவாகச் சின்ன வட்டம், நின்ற இடத்திலேயே பம்பரம் மாதிரி சுற்று, முழு வேகத்தில் ஓடிச் சறுக்கி நிற்பது, அப்படியே நேர்கோட்டில் பின்னால் நடப்பது. வாரை இழுக்கக் கூடாது. இன்னொரு கை வாரில் பட்டால் பூஜ்ஜியம். நுவரெலியாவில் துரைமார் நடத்துகிற குதிரை விழாவில் இதையும் சேர்க்க வைத்திருந்தார் துரைசாணி. துரைமார் இரண்டு கையால் ஓட்டிப் பழகியவர்கள். ஒற்றைக் கையால் ஏற்கனவே ஓட்டத் தெரிந்தவர்கள் அந்த வட்டாரத்தில் இரண்டே பேர். அவர் ஒருவர், நான் ஒருத்தி.

ஞாயிற்றுக்கிழமைகளில் பழகினோம். அவர் கப்பலில் கொண்டுவந்த, முன்னால் கொம்பு வைத்த சேணத்தை என் குதிரைக்குப் போட்டார். "இழுக்க வேண்டாம். நினையுங்க. குதிரைக்குத் தெரியும்," என்பார். எனக்குப் பிடித்திருந்தது. இதை நான் வெளியே யாரிடமும் சொன்னதில்லை. பிரசவம் பார்க்கும்போது என் கை என்னுடையதல்ல. தாய்க்கும் பிள்ளைக்கும் சொந்தமானது. அந்த மைதானத்தில்தான் அது என் கையாக இருந்தது.

போட்டிக்கு விண்ணப்பப் பாரம் நிரப்பும்போது தோட்டத்துப் பெரிய கிளாக்கர் எந்த நாடு என்று கேட்டிருந்த இடத்தில் பேனாவை நிறுத்தினார். இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லித் தோட்டத் தமிழர்களான எங்கள் குடியுரிமையைப் பறித்திருந்த காலம். "என்னாம்மா போடுறது?" என்றார். பிறகு அவராகவே ஒரு கோடு போட்டு விட்டார்.

அன்றைக்கு நுவரெலியாவில் காற்று. எனக்கு முன்னால் ஓட்டிய, வேறு தோட்டத்து உதவி மேனேஜரான ஒரு சின்னத் துரையின் குதிரை சறுக்கி நிற்க வேண்டிய இடத்தில் நிற்காமல் ஓடியது. அவர் வாரை இரண்டு கையாலும் பிடித்து இழுத்து நிறுத்தினார். மைதானம் முழுக்கப் பார்த்தது. அடுத்து நான். வட்டங்கள் சரியாக வந்தன. கடைசி ஓட்டத்துக்குத் திரும்பும்போது முந்தானை செருகலிலிருந்து பிய்த்துக்கொண்டு முகத்தில் அடித்தது. கண் தெரியவில்லை. இடது கையால் தள்ளினேன். விரல் வாரில் பட்டது. அவ்வளவுதான்.

சின்னத் துரைக்கு மூன்றாம் இடம்.

நான் நேராக நடுவர் மேசைக்குப் போனேன். அவர் பட்டாளத்தில் இருந்து வந்த வயசான துரை.

"ரெண்டு கை. சட்டம்," என்றார், தலையைத் தூக்காமல்.

"ஒத்துக்கிறேங்க. அந்தச் சின்னத்தொரையும் ரெண்டு கையாலதானே இழுத்தாரு?"

"அவன் புதுசு. பயந்துட்டான்."

"நானும் புதுசுதாங்க."

பின்னாலிருந்து பெரிய கிளாக்கர் என் முழங்கையைப் பிடித்தார். "வாய மூடு தாயி. தொரமார் முன்னால தோட்டத்து மானத்த வாங்காத."

துரைசாணி பக்கத்தில்தான் நின்றார். குனிந்து தன் காலில் இருந்த சப்பாத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். லொறியில் குதிரையை ஏற்றும்போது மெதுவாக என்னிடம், "சட்டம் சரி," என்றார்.

"சட்டம் சரிதாங்க. ஆளுக்கு ஆள் மாறுதே, அதுதான் சரியில்ல."



அடுத்த வருடத்துக்கு முந்தானையே வேண்டாம் என்று முடிவு செய்தேன். லிந்துலை டவுனில் தையல் கடை வைத்திருந்த முஸ்லிம் பாயிடம் போய், முழுக்கால்சட்டையும் சட்டையும் தைக்க வேண்டும் என்றேன்.

"யாருக்கும்மா அளவு?"

"எனக்குத்தான் பாய்."

அவர் மேற்கொண்டு ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அளவு நாடாவை உள்ளே கொடுத்து அவருடைய மனைவியை அளந்து சொல்லச் சொன்னார். அந்த வருடம் என்னிடம் மரியாதையாக நடந்துகொண்டவர் யார் என்று கேட்டால் அந்த ஒருவரைத்தான் சொல்வேன்.

என் கணவர் ஸ்டோரில், அதாவது தேயிலைத் தொழிற்சாலையில், கொழுந்து வாட்டுகிற மாடியில் வேலை செய்தார். அமைதியான மனிதர். உடுப்பைப் பார்த்ததும் சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"இதப் போட்டுக்கிட்டு அத்தன பேரு முன்னால நிக்கப் போறியா?"

"நிக்கப் போறதில்ல. ஓட்டப் போறேன்."

"நான் ஸ்டோருக்குப் போக வேணாமா? என்னையப் பாத்துத்தானே சிரிக்கிறானுங்க."

"ரெண்டு வருசமா என்னையப் பாத்துச் சிரிச்சானுங்க. அப்ப நீங்க எங்க இருந்தீங்க?"

பதினைந்து நாள் பேசவில்லை. நானும் பேசவில்லை. சமைத்து வைத்தேன், சாப்பிட்டார்.

இரண்டாம் வருடம் ஓட்டினேன். அதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. எல்லாம் சரியாக வந்தால் சொல்ல என்ன இருக்கிறது? பெரிய வட்டத்தில் என் குதிரையின் காது முன்னால் குவிந்திருந்தது. சுற்றும்போது ஒரு காலை ஊன்றிய இடம் மாறவில்லை. கடைசி ஓட்டத்தில் நான் மூச்சை விட்டுச் சாய்ந்தேன். அது உட்கார்ந்து சறுக்கிய சத்தம் சாக்கை இழுப்பது போல நீளமாகக் கேட்டது. என் இடது கையை அன்று தொடையில் அழுத்தி வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் தொடையில் ஐந்து விரல் தடமும் கன்றிப்போயிருந்தது. முதல் இடம். அதே நடுவர்தான். வேறு வழியில்லாமல் போட்டார்.

கப்பை வாங்க என்னைக் கூப்பிடவில்லை. குதிரை தோட்டத்துடையது என்று பெரிய துரை போய் வாங்கினார். கப்பு பங்களாவுக்குப் போனது. பெயர் வெட்ட வேண்டும், வெட்டியதும் தருவார்கள் என்று கிளாக்கர் சொன்னார். இரண்டு மாதம் பொறுத்தேன். பிறகு பங்களாவுக்குப் போனேன். நாங்கள் எல்லாம் பின்பக்கமாகத்தான் போவது வழக்கம். அன்றைக்கு முன்வாசலில் ஏறினேன். சமையல்கார அப்பு பதறிக்கொண்டு ஓடி வந்தார். துரைசாணியும் வந்து கணப்பு மேலிருந்த கப்பை எடுத்துக் கையில் கொடுத்தார். தோட்டத்தின் பெயர் வெட்டியிருந்தது. பெரிய துரையின் பெயர் வெட்டியிருந்தது. குதிரையின் பெயர்கூட வெட்டியிருந்தது. அந்தப் பெயரை நான் வைத்ததே இல்லை, அவர்களாக வைத்தது.

"எம் பேரு எங்கங்க?"

துரைசாணிக்கு முகம் சிவந்தது. "இடம் போதவில்லை என்று சொன்னார்கள்."

கப்பைத் தரையில் வைத்துவிட்டு இறங்கினேன். முன்வாசல் வழியாகத்தான் இறங்கினேன்.

வீட்டில் சொன்னதும் கணவர், "அந்தக் கப்ப வச்சு என்னா செய்யப் போற? தண்ணி குடிக்கவா?" என்றார்.

"ஆமா. தண்ணி குடிக்கத்தான்," என்றேன்.

மூன்றாம் வருடம் சட்டம் மாறியது. துரைமார் கிளப்பில் உறுப்பினராக இருப்பவர்கள் மட்டும் ஓட்டலாம். என் பெயர் பட்டியலில் இல்லை. ஆனால் என் குதிரை இருந்தது! எங்கள் தோட்டத்துச் சின்னத் துரை அதை ஓட்டுவாராம். இரண்டு நாள் முன்னதாக நுவரெலியாவுக்கு அனுப்ப வேண்டும் என்று ஆபீசிலிருந்து துண்டு வந்தது. அதே வாரம் கீழ் டிவிசனில் இரண்டு பேருக்கு நாள் நெருங்கியிருந்தது. அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டேன்.

என்னிடம் பேசத் துரைசாணியை அனுப்பினார்கள். மருந்துக்கூட வாசலில் நின்று, "மன்னிச்சுக்குங்க. நீங்களே ஓட்ட வேண்டும் என்று துரையிடம் கேட்டேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை," என்றார். அவருடைய தமிழ் அதற்குள் நன்றாகத் தேறியிருந்தது.

"நீங்க சாப்பாட்டு மேசையில கேட்டிருப்பீங்க. நான் அத்தன பேருக்கு முன்னால நின்னு கேட்டேன். அப்ப நீங்க சப்பாத்தப் பாத்துக்கிட்டு நின்னீங்க."

அவர் அழுதார். எனக்கு இரக்கம் வரவில்லை. வந்திருக்கலாம். வரவில்லை. பையை எடுத்துக்கொண்டு, குதிரையில் ஏறி, கீழ் டிவிசனுக்கு இறங்கிவிட்டேன். இரண்டு நாள் அங்கேயே தங்கினேன். ஒரு பெண்ணும் ஒரு பையனும் பிறந்தார்கள். நுவரெலியாவில் யார் ஜெயித்தார்கள் என்று நான் கேட்கவில்லை.

திரும்பி வந்ததும் ஆபீசில் நிற்கவைத்துக் கடிதம் கொடுத்தார்கள். கட்டளையை மீறினேனாம். குதிரையைக் கந்தப்பளையில் மரக்கறி ஏற்றுகிற ஒருவருக்கு விற்கப் போவதாகப் பெரிய துரை சொன்னார். "இனிமே நடந்து போ." அன்றைக்கே குதிரையைக் கொண்டுபோய்விட்டார்கள்.

அடுத்த நாள் காலைப் பெரட்டில், ஆளுக்கு வேலை பிரிக்கிற நேரத்தில், கீழ் டிவிசன் பெண்கள் கூடையைத் தோளில் மாட்டாமல் நின்றார்களாம். மருத்துவச்சி அம்மாவுக்குக் குதிரை இல்லையென்றால் மலைக்கு ஏற மாட்டோம் என்றார்களாம். கங்காணி கத்தினார், கணக்கப்பிள்ளை கத்தினார். ஒருத்தியும் அசையவில்லை. கொழுந்து முற்றுகிற நாட்கள். மூன்றாம் நாள் குதிரை கொட்டிலுக்குத் திரும்பியது.

நன்றி சொல்லப் போனேன். என்னைப் பார்த்து அதிகம் சிரித்த ஒருத்திதான் முன்னால் வந்தாள். "பாத்தீங்களா, ஒங்களுக்குக் குதிரைய வாங்கிக் குடுத்துட்டோம். எங்களுக்கு அவசரத்துக்கு வேணும்ல," என்றாள். கும்பிட்டேன். மனதாரத்தான் கும்பிட்டேன். ஆனால் மேட்டில் ஏறி வரும்போது கோபம் வந்தது. யார் மேல் என்று எனக்கே பிடிபடவில்லை. அவர்கள் நின்றது அவர்களுடைய பிரசவத்துக்காக. அது நியாயம்தான். நான் ஜெயித்தேன், என்னிடமிருந்து பிடுங்கிவிட்டார்கள் என்று ஒரு மனிதர்கூட, என் கணவர் உட்பட, ஒரு நாளும் சொன்னதில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கால்சட்டையைப் போட்டுக்கொண்டு பந்து மைதானத்துக்குப் போனேன். பெரிய வட்டத்தை முழு வேகத்தில் ஓட்டினேன். பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்த பெண்கள் குடத்தை வைத்துவிட்டு ஓடி வந்தார்கள்.

"யாருக்கு வலிங்க அம்மா? எந்த லயத்துல?"

"யாருக்கும் இல்ல," என்றேன். "நான் சும்மா ஓட்டுறேன்."

அவர்களுக்கு விளங்கவில்லை. நான் வாரைத் தளர்த்திவிட்டு அடுத்த வட்டத்துக்குத் திருப்பினேன்.